இரண்டாம் சிலிண்டர்

எரிகிற விளக்கைக் குத்தி அணைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரிக்கல் லேப் பார்க்கிறவள் நான். பதினாறு வருடமாக வயரோடும் மீட்டரோடும்தான் குடித்தனம். ஆனாலும் குத்தினேன். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி உதறி உதறி நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காதைக் கிழித்தது. முஷ்டியை மடக்கி அந்த விளக்கின் மேலேயே ஒரு குத்து விட்டேன். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் குறுக்கே விரிசல் விட்டது. என் விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சனியன் பிடித்த விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பெரியம்மா, லைட்ட ஏன் அடிச்சீங்க?" என்று பின் சீட்டிலிருந்து பாப்பா கேட்டாள்.

"அது என்னை மொறைக்குது."

அவள் சிரித்தாள். எட்டு வயசுக்கு எல்லாமே வேடிக்கைதான். அவள் சிரித்ததில் எனக்கும் பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதியோடு கீழே இறங்கினேன். பேருந்து டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன் கண்ணாடி மேல் வீசினேன். நிறைந்த பாட்டில், பட்டென்று அடித்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், பொய் சொல்வானேன்.

பாப்பா என் கொழுந்தன் மகள். முடிச்சூரில் எங்கள் வீடு ஒரே வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும், மேலே கொழுந்தனும் அவன் மனைவியும் பாப்பாவும். மாமனார் விவசாயம் செய்த நிலமெல்லாம் மனையாகிப் போனபின் மிஞ்சியது அந்த வீடும் முன்னால் உள்ள போர்டிகோவும்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. தினமும் காலை ஏழரைக்குப் பாப்பாவைக் கிழக்குத் தாம்பரத்தில் அவள் பள்ளியில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன். முப்பத்தைந்து நிமிடம், நெரிசல் இருந்தால் ஐம்பது. எல்லோரும் நெரிசலைத் திட்டுவார்கள். நான் ஒருநாளும் திட்டியதில்லை. அந்த நேரத்தில் அவள் எனக்கு மட்டும். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் மூக்கை உறிஞ்சுகிறார் என்று ஒன்று விடாமல் சொல்வாள். பள்ளி வாசலில் இறங்கும்போது என் புறங்கையில் ஒரு முத்தம். அதற்காகத்தான் அந்தப் பத்து வருடப் பழைய வண்டியை நான் விற்காமல் வைத்திருந்தேன்.

என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அப்பா பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்க விறைத்த தோலை உதறி அடிக்கிற கை. வீட்டுக்கு வந்து அதே கையால் எங்களையும் பதப்படுத்தினார். அவர் மூக்கு எனக்கு வந்தது, கையும் வந்தது. கல்யாணமான முதல் வருடம் குக்கர் மூடியை என் வீட்டுக்காரர் மேல் எறிந்தேன். அவர் குனிந்துகொண்டார், ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டது. அந்தப் பள்ளத்தின் மேல் இன்றைக்கும் ஒரு காலண்டர் தொங்குகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூட்டத்தோடு கூட்டமாக இடுப்பைத் தொட்டவனை அறைந்து, செருப்பைக் கழற்றி இன்னும் நான்கு போட்டேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு அக்கா வந்து எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். எந்த அடிக்குக் கை தட்டுவார்கள், எந்த அடிக்குக் காறித் துப்புவார்கள் என்று ஓங்குகிற கைக்குத் தெரியாது.

பாப்பா மேல் மட்டும் நான் கை ஓங்கியதில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. அவள் என் சுடிதார் முழுக்க மையைக் கொட்டியபோதுகூட.

வண்டி நடுரோட்டில் நின்றது ஒரு வியாழக்கிழமை. அன்று மாலை கொழுந்தன் மனைவி கீழே வந்தாள். கெட்டவள் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நடு ரோட்ல வண்டி நின்னா எனக்கு உசிரே போயிடுது. பஸ்ஸுக்காரங்கிட்ட சண்டை வேற போட்டீங்களாம், பாப்பா சொன்னா. திங்கட்கிழமைக்குள்ள வண்டி சரியாகலன்னா அவள வேன்ல போட்டுடறேன். எதிர் வீட்டுப் பசங்கல்லாம் வேன்லதான போறாங்க."

ஒரு தடவை வேனில் ஏறிவிட்டால் அப்புறம் அவ்வளவுதான். கூட்டாளிகள் கிடைப்பார்கள், ஜன்னல் சீட்டு கிடைக்கும், பெரியம்மாவின் பழைய வண்டி யாருக்கு வேண்டும்? "சரி பண்ணிடுவேன்" என்றேன். எனக்கு மூன்று நாள் இருந்தது.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். முடிச்சூர் சாலையில் ஒரு ஷெட் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அங்கே போய், பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, டைனமோவைப் பாருங்கள் என்று சொன்னேன். அந்த ஆள் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "சார் வரலியா மேடம்? சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்றான். அன்றைக்கே அவன் ஷெட்டில் இனிக் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வெறுமனே முடிவு செய்யவில்லை, அவனுடைய கிரீஸ் டப்பாவை உதைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குப்பின் என் வண்டிக்கு நானே டாக்டர். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற கட்டைவிரல் நீளக் கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைச் செருகினால் வண்டிக்கு என்ன நோவு என்று போனில் ஒரு எண் வரும்.

வியாழன் மாலையே செருகினேன். P0302 என்று வந்தது. இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நான்கு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் வண்டி உதறத்தானே செய்யும்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. எண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெள்ளிக்கிழமை வேலைவிட்டு வந்ததும் இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் புதிது போட்டேன். எண்ணை அழித்துவிட்டுக் கிளப்பினேன். தெருமுனை போவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. கையிலிருந்த பிளக் ஸ்பேனரை மதில்மேல் விட்டெறிந்தேன். சுவரில் ஒரு கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நிழலில் படுத்திருந்த தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

மாடியிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணி, வண்டிய சாவடிச்சிருவ போலகீதே."

அவன் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு இருந்தது. மனை வாங்கி விற்கிற புரோக்கர் வேலை அவனுக்கு. போர்டிகோவுக்கு ஷட்டர் போட்டு ஒரு சின்ன ஆபீஸ் வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியை எங்கே நிறுத்துவது என்று நான் எகிறினால், "அந்த ஓட்ட வண்டி இன்னும் எத்தினி நாளு அண்ணி ஓடும்? தன்னால படுத்துக்கும் பாரு. அப்பால எடம் எனக்குத்தான்" என்று சிரிப்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அவன் எதையுமே சிரித்துக்கொண்டுதான் சொல்வான், அது அவன் முகவாகு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை லீவு. நெருப்புப் பொறியைக் கொடுக்கிற காயில் மேல் சந்தேகம் வந்தது. இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன், மூன்றாவதை இங்கே போட்டேன். காயில்தான் குற்றவாளி என்றால் குற்றமும் அதோடு மூன்றுக்குப் போகும், எண் 303 என்று மாற வேண்டும். மாணவர்களுக்கு நான் தினமும் கத்திக் கத்திச் சொல்லித்தருகிற வழி இது. ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பார், அளந்து பார், அப்புறம் பேசு. ரீடிங் எடுக்காமல் வாயைத் திறக்கிறவனை நான் லேபை விட்டே துரத்தியிருக்கிறேன்.

எண் மாறவில்லை. 302தான். அதோடு புதிதாக இன்னொரு எண்ணும் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் சிலிண்டருக்குப் பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டருக்கு மின்சாரமே போகவில்லையாம். மீட்டரை வைத்து இன்ஜெக்டரை அளந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வருகிற வயரில் மின்சாரம் இல்லை. வழியில் எங்கேயோ அறுந்திருக்க வேண்டும். தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில்தான் வண்டி, ஆனாலும் சாரல் நேராக எஞ்சின் மேல் அடித்தது. பானெட்டை மூடிவிட்டு அதன் மேலேயே ஓங்கி ஒரு உதை கொடுத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் போர்டிகோவில் இறங்கிவிட்டேன். நாளைக்குத் திங்கள். மூன்று நாளாகத் தூக்கமும் இல்லை, சரியாகச் சாப்பாடும் இல்லை. கண்ணை மூடினால் வேன் கதவு மூடுகிற சத்தம் கேட்கும். காற்று வடிகட்டி இருக்கிற பெரிய கறுப்புப் பெட்டிக்குப் பின்னால்தான் வயர்க்கட்டு வளைந்து போகிறது. அங்கே கண் போகாது. போனில் டார்ச்சைப் போட்டு, கேமராவைச் சந்துக்குள் விட்டுப் படம் எடுத்தேன். படத்தில் இருந்தது. இரண்டு வயர்கள். ஒன்று முழுக்க அறுந்து தொங்கியது, இன்னொன்று பாதி. செம்பு பளபளவென்று தெரிந்தது.

எலியாக இருக்குமோ என்று தோன்றியதா? தோன்றியது. ஒரு நொடி. தோன்றியதும் அதைத் துரத்திவிட்டேன். எலியை எங்கே போய் அடிப்பது? கொழுந்தனை அடிக்கலாம்.

காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. பானெட்டைத் திறக்கிற நெம்புகோல் வண்டிக்குள் இருக்கிறது. வண்டி பூட்டியிருக்கிறது. ஒரு சாவி என் கைப்பையில், இன்னொரு சாவி மாடியில் அவன் வீட்டு ஆணியில். முந்தின வாரம் யாருக்கோ மனை காட்ட வேண்டும் என்று வண்டியை எடுத்துப்போனவன் அவன். தன்னால படுத்துக்கும் பாரு என்று சொன்னவனும் அவன். நான் எந்த ரீடிங்கும் எடுக்கவில்லை.

"டேய்! கீழ வாடா!"

அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். டேய் என்றதும் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் லுங்கியோடு, வாயில் டூத் பிரஷோடு இறங்கி வந்தான்.

"இன்னா அண்ணி?"

"வயரை ஏன்டா வெட்டுன?"

அவன் பிரஷை எடுத்து, செடியோரம் துப்பிவிட்டுச் சிரித்தான். "இன்னாது? நானா? காலங்காத்தால பேஜார் பண்ணாத அண்ணி. உன் ஓட்ட வண்டிய வெட்டத்தான் நான் பொறந்துகிறேனா?"

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அறைந்தேன். பிரஷ் பறந்து போய் விழுந்தது. அவன் வாயோரம் நுரையோடு ரத்தம் வந்தது. அவனுக்கு ஒரு கணம் என்ன நடந்தது என்றே புரியவில்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது என்னைத் தள்ளினான். தள்ளினான் என்றால் தடுத்தான், அவ்வளவுதான். இப்போது சொல்ல முடிகிறது. அப்போது, என்னைத் தள்ளுகிறாயா நீ என்றுதான் தோன்றியது. பின்னால் போய் பம்பரில் இடித்துக்கொண்டேன். கை கீழே தேடியது. சக்கரம் கழற்றுகிற வீல் ஸ்பேனர் கிடைத்தது, முழங்கை நீள இரும்பு.

"அண்ணி, வேணாம்" என்றான். சிரிப்பு போய்விட்டிருந்தது. அது போனதில் எனக்கு ஒரு குரூரமான நிம்மதி இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் அடியை அவன் இடது கையால் தடுத்தான். காய்ந்த முருங்கைக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு குனிந்தான். குனிந்தவனுக்கு இன்னொன்று. அது புருவத்துக்கு மேல் பட்டது. தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள்ளேயே ஊற்றியது. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். வெள்ளைச் சுவரில் அவன் கை இழுத்த தடம் சிவப்பாக இறங்கியது. நான் நிறுத்தவில்லை. "எத்தன நாளா கண்ணு வெச்சிருந்த? எம் பாப்பாவ எங்கிட்டருந்து பிரிச்சிடுவியா? பிரிச்சிடுவியாடா?" என்று கத்திக்கொண்டே தோளிலும் முதுகிலும் போட்டேன். அப்பா கூட எங்களை அடிக்கும்போது இப்படித்தான் கேள்வி கேட்டுக்கொண்டே அடிப்பார்.

மாடிப்படியில் பாப்பா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "பெரியம்மா... பெரியம்மா, நான்... பொரி..." என்று ஏதோ திக்கினாள். எனக்குப் பெரியம்மா மட்டும்தான் காதில் விழுந்தது.

"உள்ள போடி!"

அப்படி ஒரு குரலை அவள் என்னிடம் கேட்டதேயில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பாவாடை நனைந்து படியில் ஈரம் பரவியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி ஸ்பேனரை ஓங்கினேன்.

கறி வாங்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து இடுப்போடு தூக்கினார். ஸ்பேனரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். கொழுந்தன் மனைவி மேலேயிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவள் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. ஆட்டோ வந்தது. தம்பியைத் தூக்கி ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "குழந்தை முன்னாடி."

அவர்கள் போனபின் ஹோஸ் பைப்பை எடுத்துத் தரையைக் கழுவினேன். ஊரே மூழ்கிய அந்த வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திக் கட்டிய போர்டிகோ, தண்ணீர் சட்டென்று தெருவுக்கு ஓடிவிடும். சுவரில் இருந்த தடம் மட்டும் போகவில்லை. எனக்கு வருத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அப்போதும் என் மண்டையில் ஓடியது திங்கட்கிழமைதான். வண்டி சரியாகிவிட்டால் வாக்கு வாக்குதானே, வேனில் போட முடியாதே என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. உள்ளே போய் சால்டரிங் அயனைக் கொண்டுவந்தேன்.

வயரை ஒட்டவைக்க அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்ற வேண்டும். மூன்று போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினேன்.

அடியில் ஒரு கூடு இருந்தது. பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது. எலிப்புழுக்கை. காய்ந்த செவ்வந்தி இதழ் இரண்டு. நடுவில் ஒரு பெரிய குவியலாகப் பொரி. நாட்டுச் சர்க்கரை பட்டுப் பிசுபிசுத்து, மழை ஈரத்தில் ஊதி, கட்டி கட்டியாக ஒட்டிக்கிடந்தது. ஊடே பாதி கடித்த பொட்டுக்கடலை. அறுந்த வயர் முனையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரட்டை இரட்டையாகச் சின்னப் பல்தடம். கத்தி இப்படி வெட்டாது. போனில் எடுத்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.

யார் போட்ட பொரி என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூசணிக்காயை நான்தான் உடைத்தேன். அண்ணி மாதிரி ஓங்கி அடிக்க வேறு யாரால் முடியும் என்று கொழுந்தன் கிண்டல் செய்தான். பாப்பா பொரித் தட்டோடு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாச்சா என்று கேட்டேன்.

"ம்ம். குடுத்துட்டேன்."

"வண்டிக்கு? அதுக்கும் பசிக்கும்ல? பாவம், உன்னை எத்தன தூரம் தூக்கிட்டுப் போவுது. அதுக்கு ஒரு வாய் போடுடி."

அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஒரு பிடி போட்டாள். நான் சிரித்தேன். நான் சிரிக்கவும் இன்னொரு பிடி, இன்னொரு பிடி. தட்டே காலியாகிவிட்டது. எல்லாம் எஞ்சின் சந்துக்குள் சரசரவென்று இறங்கியது. "வயிறு ரொம்பிடுச்சாம்" என்று சொல்லி நான்தான் பானெட்டை மூடினேன். சாவியும் என் கையில்தான் இருந்தது.

படியில் நின்று அவள் திக்கியது அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது. பொரி. குழந்தை காரணத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் டயர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பாவி, பாவி என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யாரும் இல்லை.

ஆனாலும் வேலையை முடித்தேன். கையை ஏதாவது செய்யவிடாவிட்டால் அதை வெட்டிப் போடலாம் போலிருந்தது. வயர்களைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற குழாய் செருகிச் சூடுகாட்டினேன். கூட்டை அள்ளிப் போட்டேன். எண்களை அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரு உதறல் இல்லை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. மூன்று நாளாக அந்த ஒரு கணத்துக்காகத்தான் வெறி பிடித்து அலைந்தேன். அது வந்தபோது வண்டிக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நான்கு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். கூட்டில் கிடந்த பொரியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மேலே போனேன். கொழுந்தன் மனைவி கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்று அடிக்குரலில் பேசினாள்.

"மாடிப்படியில வழுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டாரு. போலீஸ் கேஸ் ஆகக்கூடாதுன்னு. நீங்க நல்லா இருக்கணும்னு அவருக்குத்தான் அக்கற. எனக்கில்ல. போங்க."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்."

உள்ளேயிருந்து கொழுந்தன், "தொறந்து வுடு" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. புருவத்துக்கு மேல் தையல், ஒரு கண் முழுக்க வீங்கி மூடிக்கிடந்தது. பாப்பா பக்கத்தில் நின்று அவன் வாயில் பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சின்னக் கை அப்படியே நின்றது. நான் என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளங்கையை விரித்துப் பொரியைக் காட்டினேன்.

பாப்பா அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் போடல பெரியம்மா" என்றாள், மூச்சு விடாமல். "அப்பாதான் போட்டாரு. நான் இல்ல. அப்பாதான்."

சொல்லிவிட்டு அவனை விரலால் சுட்டிக் காட்டினாள். ஏற்கெனவே அடி வாங்கியவர் அவர்தானே, இன்னொன்றையும் அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று அந்தப் பிஞ்சு மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. தன் அப்பாவை என்னிடம் பிடித்துக் கொடுத்தது.

கொழுந்தன் மகளைப் பார்த்தான். பிறகு திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். நல்ல கையால் அவளை இழுத்து நாற்காலிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"ஆமா அண்ணி. நான்தான் போட்டேன். பூஜை அன்னிக்கு. தப்புதான். மன்னிச்சிக்கங்க" என்றான்.

இந்த வீட்டுக்கு வந்த பதினான்கு வருடத்தில் அவன் என்னோடு மரியாதை போட்டுப் பேசியதே இல்லை.

"ஐயோ இல்ல தம்பி, நான்தான் போடச் சொன்னேன். அவ மேல தப்பில்ல, உங்க மேல தப்பில்ல, எலி தின்ன வந்து வயரைக் கடிச்சிருக்கு, எல்லாம் நான் செஞ்சது..." என்று கொட்டினேன். எலி, கூடு, பல்தடம், எல்லாம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவன் சரி அண்ணி, சரி அண்ணி என்று தலையாட்டினான். நான் சொல்வதை அவன் கேட்கவே இல்லை. என் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து பாப்பாவின் பாதி முகம் தெரிந்தது. அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விடலாம் என்று கையை நீட்டினேன். அவள் ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடி விழட்டும் என்று அசையாமல் நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு அந்த முகம் தெரியும். பம்மலில் அவள் வயதில் நானும் அப்படித்தான் நின்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வண்டியில் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. விரிசலுக்குக் கீழே அந்த மஞ்சள் விளக்கும் அணைந்தது. எஞ்சினை ஓடவிட்டு, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு இருபதுக்கு வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது.